கையெழுத்து அறைக்கு வெளியே ஒரு நலவிசாரிப்பு

பெட்டிக்கு எப்படி முத்திரை வைப்பது, பென்சிலை எவ்வளவு நீளக் கயிற்றில் கட்டுவது, பட்டியலில் பெயருக்கு எதிரே எங்கே கோடு இழுப்பது என்பதையெல்லாம் பயிற்சி வகுப்பில் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். தேநீரும் பிஸ்கட்டும் வைத்து நன்றாகவே சொல்லித் தருவார்கள். நான் அதையெல்லாம் இங்கே தொடப்போவதில்லை. இந்த முறை தேர்தல் மேசைக்குப் பெயர் கொடுத்திருப்பவர்களில் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் என்று கேள்விப்பட்டேன். ஈஸ்ட் ஹாமிலும் இல்ஃபோர்டிலும் பிறந்து, அம்மாவோடு தமிழிலும் மற்ற உலகத்தோடு ஆங்கிலத்திலும் பேசுகிறவர்கள். இதை வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு அம்மாவே வாசித்துக் காட்டட்டும். அம்மாவிடமிருந்து உங்களுக்கு வந்த ஒரு நல்ல குணத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். கண்டவரிடம் சுகம் கேட்கும் குணம். அந்தக் குணத்தால் நான் ஒரு பெண்ணின் வாழ்க்கையிலிருந்து சில மாதங்களைப் பிடுங்கி எடுத்தேன்.

எங்கள் நகரசபையான கவுன்சிலின் தேர்தல் பிரிவில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டு, ஐம்பத்தேழு வயதில் வேலையை விட்டேன். அவ்வளவு காலத்தில் எத்தனையோ தேர்தல் வந்து போயிற்று. ஆனால் கனவில் திரும்பத் திரும்ப வருவது தேர்தல் அல்ல, ஒரு இடைத்தேர்தலுக்கு முன்னால் வந்த மனு. ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் விதி மீறினார் என்று நாடாளுமன்றமே அவரைக் கொஞ்ச நாட்கள் இடைநிறுத்தி வைத்தால், அவருடைய தொகுதி மக்களிடம் ஒரு கேள்வி வரும். இவரைத் திருப்பி அழைத்துக்கொள்கிறீர்களா? ஆறு வாரத்துக்கு ஒரு மனு திறந்திருக்கும். வாக்காளரில் பத்தில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டால் அவருடைய இருக்கை காலியாகும், இடைத்தேர்தல் வரும், அதில் அவரே மறுபடியும் நிற்கலாம். எங்கள் பக்கத்துத் தொகுதி ஒன்றில் அப்படி நடந்தது. எந்தத் தொகுதி, எந்த வருடம் என்று கேட்க வேண்டாம். பெயர்களையும் கடையையும் கோயிலையும் மாற்றியிருக்கிறேன். கடையில் விற்ற மரக்கறியைக்கூட மாற்றியிருக்கிறேன்.

தேர்தல் என்பது ஒரு நாள் திருவிழா. மனு அப்படியில்லை. அது ஆறு வாரம் நீளும் ஒரு மத்தியானம்.

எனக்குக் கிடைத்தது ஒரு சமூக மண்டபத்தின் பின்னறை. சனிக்கிழமைகளில் அங்கே சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வார்களாம். கூரையிலிருந்து நூலில் காகித மீன்கள் தொங்கின. ஹீட்டரின் சூடு எழும்போது அவை மெல்லத் திரும்பும், ஒரு கண்ணைக் காட்டும், பிறகு மறு கண்ணை. ஒரு மேசை, ஒரு மறைப்பு, ஒரு பெட்டி, நான், என்னோடு இன்னொரு எழுத்தர். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை. மணிக்கு மூன்று பேர் வந்தால் அது கூட்டம். வெயில் தரையில் ஒரு சதுரமாக விழுந்து, பத்தரைக்கு மேசைக் காலைத் தொட்டு, ஒரு மணிக்கு மறைப்பின் மேல் ஏறி, மூன்றரைக்கு யாரோ எடுத்துப் போனதுபோல் இல்லாமல் போகும். எத்தனை கையெழுத்து விழுந்தது என்று வெளியே யாருக்கும் சொல்லக் கூடாது, அது சட்டம். பெட்டியோ தன்பாட்டில் எதையோ நினைத்துக்கொண்டிருக்கும் மாடுபோல் மூலையில் கிடக்கும். வருகிறவர்களும் பாதித் தூக்கத்தில் வந்தவர்கள்போல் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். அந்த அறையில் எல்லோருமே தண்ணீருக்குள் நடந்தோம்.

முதல் வாரத்தில் ஒரு தம்பி வந்தார். தமிழ்நாட்டுக்காரர், கம்ப்யூட்டர் வேலை. என் கழுத்து அட்டையில் பெயரைப் பார்த்து முகம் மலர்ந்துவிட்டது.

“தமிழா மேடம்? அப்பாடா. அவர் போகக் கூடாதுன்னு நான் கையெழுத்து போடணும். அதுக்கு எந்தப் பேப்பர்?”

“அப்பிடி ஒரு பேப்பர் இல்லைத் தம்பி. திருப்பி அழைக்கவேணும் எண்டு நினைக்கிறவை மட்டும்தான் கையெழுத்து வைக்கிறது.”

“அப்ப வேணாம்னு நினைக்கிறவங்க என்ன பண்றது?”

“வீட்டில இருக்கிறது.”

“நான் ஒர்க் ஃப்ரம் ஹோம் மேடம். வீட்லதானே இருந்தேன்.”

அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். வாசல்வரை போனவர் நின்றார்.

“இப்ப நான் வெளிய போனா, பாக்கறவங்க நான் கையெழுத்து போட்டேன்னுதானே நினைப்பாங்க?”

“நினைக்கலாம்.”

“யாராவது கேட்டா, இவர் போடலைன்னு நீங்க சொல்லிடுவீங்கல்ல?”

“சொல்ல ஏலாது. போட்டவர் எண்டும் சொல்ல ஏலாது, போடேல்ல எண்டும் சொல்ல ஏலாது.”

“நல்ல வேலை மேடம் உங்களுது” என்று சொல்லி, தெருவின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு, கோயில் வாசலில் மாறிப்போன செருப்போடு நடப்பவர்போல் நடந்து போனார்.

அவர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்ததை நான் அப்போது முழுசாக உணரவில்லை. வாக்குச்சாவடிக்குள் போகிறவர் எவருக்கும் போடலாம். அவர் உள்ளே போனதைப் பார்த்தவருக்கு எதுவும் தெரியாது. இந்த அறைக்குள் வருகிறவருக்கோ செய்ய ஒரே ஒரு காரியம்தான் உண்டு என்று ஊர் நினைக்கிறது. மறைப்புக்குப் பின்னால் அவர் கையெழுத்து வைத்தாரா, வெறும் தாளை மடித்துப் போட்டாரா என்பது எனக்கே தெரியாது. ஆனால் வாசல் பேசிவிடும்.

எங்கள் மேலாளர் அதை உணர்ந்திருந்தாள். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். நைஜீரியாவிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிளேஸ்டோவில் பிறந்தவள். கைப்பையில் எப்போதும் உலர்ந்த மாம்பழத் துண்டுகள் வைத்திருப்பாள். மனு திறந்த காலையில் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: “உள்ளே எவ்வளவு அன்பாக வேண்டுமானாலும் இருங்கள். வெளியே போனால் நீங்கள் ஒருவரையும் பார்க்கவில்லை. உங்கள் தங்கை வந்து போனாலும் பார்க்கவில்லை. உங்களுக்குத்தான் இது கஷ்டம். நீங்கள் லிஃப்டில் நிற்பவரிடம்கூட முழங்கால் எப்படி என்று கேட்கிற ஆள்.”

நான் தலையாட்டினேன். எளிதாகத்தான் தோன்றியது.

மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மலர் வந்தார். மலர் என்று வைத்துக்கொள்வோம். முப்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு தெரு தள்ளி இருக்கும் தமிழ்க் கடையில் வேலை. கல்லாவிலும் நிற்பார், மரக்கறியும் அடுக்குவார். இடைவேளையில் ஓடிவந்திருக்க வேண்டும். கம்பளிச் சட்டையின் தோளில் ஒரு வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. கோயிலிலும் கடையிலும் கண்டு சிரிக்கிற முகம். அடையாள அட்டையைத் தந்தார். பெயரைச் சரிபார்த்துத் தாளைக் கொடுத்தேன். மறைப்புக்குப் பின்னால் போனதும் இருமத் தொடங்கினார். சாதாரண இருமல் இல்லை, நெஞ்சின் அடியிலிருந்து எழுந்து ஆளையே குலுக்கும் இருமல். காகிதக் குவளையில் தண்ணீர் எடுத்துப்போய் மறைப்புக்கு இந்தப்பக்கம் நின்று கையை மட்டும் நீட்டிக் கொடுத்தேன். தாளை மடித்துப் பெட்டிக்குள் போட்டார். “வாறன் அக்கா” என்று காற்றுப்போல் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் மீன்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

அந்தக் கடைக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் அவர் கடையண்ணை. முப்பது வருடத்துக்கு முன்பு ஒரு பையோடு வந்து இறங்கியவர். ஒருமுறை அவருடைய தம்பியைத் திருப்பி அனுப்புவதற்குத் தடுப்பு முகாமில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். விமானத்துக்கு நாளும் குறித்தாயிற்று. அப்போது இந்த உறுப்பினர் எழுதிய ஒரு கடிதம் அந்தப் பயணத்தை நிறுத்தியது. தம்பி இப்போது மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். கடையண்ணை அதை மறக்கவில்லை. அரிசி மூட்டைகளுக்கு மேலே, சாமி படத்துக்குச் சற்றே கீழே, உறுப்பினரோடு அவர் கைகுலுக்கும் படம் தொங்கும். தேர்தல் வந்தால் சட்டையில் சின்னம் குத்திக்கொண்டு, வேனில் முதியவர்களை ஏற்றிவந்து இறக்குவார். மனு தொடங்கிய நாளிலிருந்து கல்லாவில் நின்று ஒரு வசனம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“கையெழுத்து வைக்கப் போறவைக்கு என்ர கடையில மிளகாய்த்தூளும் இல்லை.”

சனம் சிரிக்கும். அவரும் சிரிப்பார். பகிடியா இல்லையா என்று ஒருவரும் கேட்டுப் பார்க்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் பூசை முடிந்து, சர்க்கரைப் பொங்கலுக்கு வரிசை நின்றது. நெய் மணமும், ஈரக் கோட்டுகளின் மணமும், மேளக்காரர் மேளத்தை உறைக்குள் போடும் சத்தமும். வாரம் முழுக்க மௌனமாக இருந்த அறையிலிருந்து வந்தவளுக்கு அந்த இரைச்சல் எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வாய் திறக்கத் துடித்தது. எனக்கு முன்னால் கடையண்ணையின் மனைவி, அவருக்கு முன்னால் மலர். மலர் திரும்பினார். என்னைக் கண்டார். அவர் கண்ணில் ஒரு நொடி ஏதோ ஓடியது. அதை நான் கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் ஆட்களுக்குள் கண்ட முகத்தைக் காணாததுபோல் விட்டால், அது எவ்வளவு பெரிய அவமதிப்பு. பார்த்தும் பாராமல் போனாள் என்று பத்து வருடம் சொல்வார்கள். நான் அந்த அவமதிப்பைச் செய்யவில்லை.

“இருமல் எப்பிடி இருக்கு இப்ப? அண்டைக்கு வந்தநேரம் சரியா இருமினீங்கள். ஆடாதோடை போட்டுக் குடிச்சனீங்களோ?”

மலர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். கடையண்ணையின் மனைவி என்னைப் பார்த்தார், பிறகு மலரைப் பார்த்தார். மூன்று வாரமாகப் பகல் முழுக்க நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று அந்த வரிசையில் எல்லோருக்கும் தெரியும்.

“ஓ” என்றார் அவர், மிக மெதுவாக. “இருமலோ.”

என் முறை வந்து வாங்கிய பொங்கல் கையில் சுட்டது. அதைப் பிடித்தபடியே நின்றேன். என்ன சொல்லிவிட்டேன் என்பது, குளத்தில் போட்ட கல் அடியைத் தொடுகிற வேகத்தில், மெல்ல மெல்ல எனக்குள் இறங்கிற்று.

திங்கட்கிழமை ஐந்து மணிக்கு நான் மண்டபத்தைப் பூட்டிக்கொண்டு வெளியே வர, மலர் மதிலோரம் நின்றார்.

“ஷிப்ட் பேப்பரில என்ர பெயர் இல்லை அக்கா. ஒண்டும் சொல்லேல்ல. ஏசவும் இல்லை. அடுத்த கிழமைப் பேப்பரை ஃபிரிட்ஜ் கதவில ஒட்டியிருக்கினம், அதில என்ர பெயர் இல்லை.”

“நான் வேணுமெண்டு…”

“தெரியும். நீங்கள் வேணுமெண்டு கேக்கேல்ல.” ரோட்டுப் பக்கம் திரும்பினார். “என்ர அவர் வவுனியாவில இருக்கிறார் அக்கா. இஞ்ச கூப்பிட விசாவுக்கு ஒரே இடத்தில ஆறு மாசம் வேலை செய்த சம்பளச் சீட்டுக் காட்டவேணும். நாலு மாசம் முடிஞ்சுது. இன்னும் ரெண்டுதான்.”

மண்டபச் சாவியைக் கைப்பைக்குள் போட்டேன்.

“ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. அண்ணையிட்டப் போய், அவ கையெழுத்து வைக்க வரேல்ல, வோட்டர் பட்டியலில பெயர் இருக்கோ எண்டு கேக்க வந்தவ எண்டு. நீங்கள் சொன்னா நம்புவார். நீங்கள் கவுன்சில் ஆள்.”

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். கோழைகளின் நல்ல சொல் அது. அன்று வீட்டுக்கு ரயிலில் போகாமல் ஹை ஸ்ட்ரீட் நோர்த் நெடுக நடந்தேன். நகைக்கடைக் கண்ணாடிகளில் விளக்குகள் எரிந்தன. சேலைக்கடைப் பொம்மைகள் கைகளை நீட்டியபடி என்னைப் பார்க்காமல் நின்றன. ஒரு சிறு பொய். யாருக்கும் கெடுதல் இல்லாத பொய். அதைச் சொல்லும் வசனத்தை வழி முழுக்க மனதில் எழுதித் திருத்திக்கொண்டே போனேன். நல்ல வசனமாகத்தான் வந்தது.

அடுத்த நாள் காலையில் மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்தப் பொய் வசனம் உட்பட. அவள் என்னைத் திட்டவில்லை. மாம்பழத் துண்டுப் பையை என் பக்கம் தள்ளினாள்.

“அந்தப் பெண்ணுக்காக நீங்கள் ‘இல்லை’ என்று சொல்லலாம். அவர் நம்புவார். நாளைக்கு அவர் இன்னொருவரைப் பற்றிக் கேட்பார். அவருக்கும் இல்லை என்பீர்களா? ஒருநாள் நீங்கள் பேசாமல் நிற்பீர்கள். அன்றைக்கு உங்கள் மௌனம் ‘ஆம்’ என்று ஆகிவிடும். நாம் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஊமையாக இருந்தால்தான் ஊமையாக இருப்பதற்கு மதிப்பு.”

“அவளுடைய புருஷன்?” என்றேன்.

“தெரியும்” என்றாள். “நான் சொன்னது சரி. அதனால் அது நல்லது என்று நான் சொல்லவில்லை.”

இத்தனை வருடத்தில் ஒரு மேலதிகாரி என்னிடம் சொன்ன மிக நேர்மையான வசனம் அது. அன்றைக்கே என்னை அந்த அறையிலிருந்து மாற்றித் தபால் பகுதியில் உட்கார வைத்தாள். நடந்ததை எழுதி மேலே அனுப்பினாள்; எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மண்டப வாசலில், உள்ளே வருவதும் கையெழுத்திடுவதும் ஒன்றல்ல, உள்ளே யார் என்ன செய்தார் என்பது ஊழியருக்கும் தெரியாது என்று மூன்று மொழிகளில் ஒரு அறிவித்தல் ஒட்டினாள். அறிவித்தல்களை யார் வாசிக்கிறார்கள்? கடையண்ணையே வந்து கேட்டிருந்தால் நானும் அதைச் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. பயமுள்ளவருக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றும். அவருக்கு அப்போது பயம் எதுவும் இருக்கவில்லை.

மலரிடம் முடியாது என்று சொன்னேன். பஸ் நிறுத்தத்தில், மற்றவர்கள் காது கேட்காத தூரத்தில். காரணத்தையும் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார்.

“அப்ப கோயிலில மட்டும் கதைக்க ஏலும், என்ன அக்கா” என்றார்.

பஸ் வந்தது, அவர் ஏறிப் போனார். 

ஆறு வாரம் முடிந்தது. பெட்டிகளைத் திறந்து எண்ணினார்கள். வேண்டிய கையெழுத்துக்கு மேலேயே விழுந்திருந்தது. இருக்கை காலி என்று அறிவித்தார்கள், இடைத்தேர்தலுக்கு நாள் குறித்தார்கள், உறுப்பினர் மறுபடியும் நிற்பதாகச் சொன்னார். செய்திகளில் அவர் விதி மீறிய விவரம் ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தது. கடையண்ணையின் கடையில் படம் இறங்கவில்லை, ஆனால் அந்த மிளகாய்த்தூள் வசனம் நின்றுவிட்டது என்று யாரோ சொன்னார்கள். நான் அந்தப் பக்கம் போவதை விட்டிருந்தேன். மலருக்கு இல்ஃபோர்டில் ஒரு பேக்கரியில் வேலை கிடைத்ததாக அறிந்தேன். புது இடம், புது முதலாளி. அவருடைய ஆறு மாதம் முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்கியது.

தேர்தலுக்கு ஆள் போடும் பட்டியலில் அதே பகுதியின் வாக்குச்சாவடிக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டிருந்தாள் மேலாளர். என்னை ஏன் அங்கே என்று கேட்டேன். “இந்த நகரத்திலேயே வாயைப் பற்றி உங்களைவிடப் பயந்த ஆள் வேறு இல்லை” என்றாள்.

மழை நாள். தேவாலயத்தின் பக்கத்து மண்டபம். நிறக் கண்ணாடி வழியாக வந்த வெளிச்சம் தரையில் கலங்கிக் கிடந்தது. குடைகளை வாளியில் வைத்துவிட்டு ஆட்கள் வந்தார்கள், பெயர் சொன்னார்கள், மறைப்புக்குள் மறைந்தார்கள், திரும்பி வந்தார்கள். பென்சில்கள் மரத்தில் உரசும் ஓசை, கூரையில் மழை. நான் ஒரு முகத்தையும் விசாரிக்கவில்லை. ஒரு தாள், ஒரு நன்றி, அடுத்தவர்.

பின்னேரம் நான்கு மணிபோல வரிசையில் மலர் நின்றார். அவருக்குப் பின்னால், இருவரும் கவனிக்காமல் வந்து சேர்ந்திருக்க வேண்டும், கடையண்ணை. இந்த முறை அவர் சட்டையில் சின்னம் இல்லை.

மலர் மேசைக்கு வந்தார். “பெயரும் விலாசமும் சொல்லுங்கோ” என்றேன். சொன்னார். அட்டையைக் காட்டினார். பக்கத்திலிருந்த எழுத்தர் கோடு இழுத்தார். நான் கட்டிலிருந்து தாளைக் கிழித்து நீட்டினேன்.

“என்ன தங்கச்சி” என்றார் கடையண்ணை பின்னாலிருந்து என்னைப் பார்த்து. “ரெண்டு பேரும் முன்னப்பின்னத் தெரியாத ஆக்கள் மாதிரி நிக்கிறியள். கோயிலில இருமலெல்லாம் விசாரிச்சனீர்.”

வரிசையில் யாரோ அரைச் சிரிப்புச் சிரித்து நிறுத்தினார். நான் தாளைப் பிடித்த கையை இறக்கவில்லை. என்ன சொன்னாலும் தவறு. 

மலர் திரும்பவில்லை. தாளை வாங்கியபடி சொன்னார்.

“இவ ஆர் எண்டு எனக்குத் தெரியாது அண்ணை. நான் வோட்டுப் போட வந்தனான்.”

அது கோபமா, கருணையா? எத்தனையோ இரவு யோசித்துவிட்டேன். இரண்டும் ஒரே குரலில் வரக்கூடும் என்பது மட்டும் இப்போது தெரியும். அவர் மறைப்புக்குப் போனார், வந்தார், பெட்டியில் போட்டார், வாளியிலிருந்து தன் குடையை எடுத்துக்கொண்டு மழைக்குள் போனார்.

கடையண்ணையின் முறை. தாளை வாங்கியவர் போகவில்லை. திருப்பிப் பார்த்தார்.

“பின்பக்கத்தில ஒரு நம்பர் கிடக்கு.”

“எல்லாத் தாளிலயும் இருக்கு அண்ணை.”

“முப்பது வருசமாப் போடுறன். இண்டைக்குத்தான் காணுறன்.” மேசைமேல் குனிந்தார். குரல் இறங்கியது. “இதை வச்சு ஆர் ஆருக்குப் போட்டது எண்டு பிடிக்க ஏலாதோ?”

“எல்லாம் சீல் வச்சுப் பூட்டுறது. கோர்ட் சொன்னால் ஒழிய ஆரும் திறக்க ஏலாது.”

“அவருக்குத் தெரிய வராது?”

எவருக்கு என்று நான் கேட்கவில்லை. “வராது.”

“உமக்கு?”

“எனக்கும் தெரியாது. மறைப்புக்குப் பின்னால ஆர் என்ன செய்யினம் எண்டு இந்த மேசையில இருக்கிற ஒருத்தருக்கும் தெரியாது.”

அவர் அந்த வசனத்தை வாங்கிக்கொண்டு நின்றார். உள்ளே அது எங்கெங்கோ போய் எதையெதையோ தொட்டதை முகத்தில் கண்டேன்.

“அந்தக் கையெழுத்து அறையிலயும் அப்பிடியோ?”

“அங்கயும் அப்பிடித்தான் அண்ணை. வந்தவை வைச்சவையோ, வைக்கேல்லையோ, எனக்குத் தெரியாது. அண்டைக்கும் தெரியாது, இண்டைக்கும் தெரியாது.”

மறைப்புக்குள் அவர் போனது எனக்கு நினைவிருக்கிறது. வெளியே வர வெகு நேரம் எடுத்தார். வரிசை அசைந்தது, ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு கடிதம் எழுதி ஒருவரைக் காப்பாற்றியவரும் ஒரு தவறு செய்தவரும் ஒரே ஆளாக இருக்கும்போது, ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு மனிதர் என்ன செய்வார்? அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்தபோது தாளை எட்டாக மடித்திருந்தார். பெட்டியின் வாய் அதை விழுங்க மறுத்தது. விரலால் தள்ளி உள்ளே அனுப்பினார்.

பிறகு வாசலுக்குப் போகாமல் மேசைப் பக்கம் ஓரடி திரும்பினார்.

“அவ இப்ப எங்க வேலை செய்யிறா?”

எனக்குத் தெரியும். பேக்கரியின் பெயரும் தெரியும், அது எந்தச் சந்தியில் என்பதும் தெரியும். ஒருவேளை அவர் நல்லதற்குத்தான் கேட்டிருக்கலாம். நல்லதற்கு என்று நான் முன்பு கேட்ட ஒரு கேள்வி இருக்கிறதே. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன்.

“அதை அவவைத்தான் கேக்கவேணும் அண்ணை.”

அவர் மலர் போன வாசலைப் பார்த்தார். பிறகு வேகமாக நடந்தார், அந்த வயதில் ஒருவர் மண்டபத்துக்குள் நடக்கக் கூடாத வேகத்தில். கதவு ஆடி அடங்கியது.

“குடையை விட்டிட்டு ஓடுறார் அந்த மனுசன்” என்றார் வரிசையில் நின்ற ஒரு பெண். “பஸ் ஸ்டாண்டுப் பக்கமாப் போறார்.”

ஜன்னல் என் இடப்பக்கத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தது. கழுத்தைக் கொஞ்சம் திருப்பியிருந்தால் பஸ் நின்றதா, போய்விட்டதா, அவர் மலரை எட்டிப் பிடித்தாரா என்று கண்டிருப்பேன். நான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து, பெயரும் விலாசமும் கேட்டேன்.